முதல் பெயர் யாருடையது? – எங்கள் சங்கத்தின் நிலைப்பாடு

ஆவூரிலிருந்தும் சுற்று ஊர்களிலிருந்தும் திருச்சி, புதுக்கோட்டைக் கல்லூரிகளுக்குப் போய் ஆய்வு செய்கிறவர்களின் சங்கம் இது. ஆய்வுக் கட்டுரையில் யார் பெயர் முதலில் வருவது என்பதில் எங்கள் நிலைப்பாட்டை இங்கே சொல்கிறோம்: சோதனையை நடத்தி, தரவைத் திரட்டி, முதல் வரைவை எழுதியவர் பெயரே முதலில் வர வேண்டும். வரிசையை வேலை தொடங்கும்போதே பேசி, எழுதி, எல்லோரும் கையெழுத்திட வேண்டும். கட்டுரை ஏற்கப்பட்ட பிறகு பேசலாம் என்று தள்ளிப்போட்டால், அப்போது மாணவருக்குப் பேசும் வலு இருக்காது. கைடின் கையெழுத்து இல்லாமல் மாணவரால் ஆய்வேட்டைக் கொடுக்க முடியாது.

இது வெறும் மரியாதைப் பிரச்சினை அல்ல. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிமுறைப்படி, கல்லூரி ஆசிரியர்களின் பதவி உயர்வுக் கணக்கில் அறிவியல் கட்டுரை ஒன்றுக்கு அடிப்படை மதிப்பெண் 8. மூன்று பேரோ அதற்கு மேலோ எழுதியிருந்தால் முதல் ஆசிரியருக்கும் கரஸ்பாண்டிங் ஆத்தருக்கும் (இதழோடு தொடர்பில் இருப்பவர்) 70 விழுக்காடு, மற்ற ஒவ்வொருவருக்கும் 30. அதாவது ஒருவருக்கு 5.6, இன்னொருவருக்கு 2.4. கைடு கரஸ்பாண்டிங் ஆத்தராக இருந்தாலே அவருக்குரிய மதிப்பெண் முழுதாகக் கிடைத்துவிடுகிறது. பிறகு முதலிடமும் அவருக்கு எதற்கு? இந்தக் கேள்விக்கு இதுவரை எங்களுக்கு நேரான பதில் கிடைக்கவில்லை.

துறைத் தலைவர் பெயர், கருவி வைத்திருப்பவர் பெயர், வெளியீட்டுக் கட்டணம் கட்டியவர் பெயர் என்று சேர்த்துக்கொண்டே போகும் பழக்கத்தையும் எதிர்க்கிறோம். நன்றி சொல்லக் கட்டுரையின் கடைசியில் தனி இடம் இருக்கிறது. எக்ஸ்ஆர்டி (எக்ஸ் கதிர் விளிம்பு விளைவு) அளவீடு எடுத்துக் கொடுத்தவருக்கு அங்கே நன்றி சொன்னால் போதும். ஆனால் அதில் வந்த கோடுகளைப் படித்துப் பொருள் சொன்னவர் என்றால் அவர் ஆசிரியர்தான், சம்பளம் வாங்கும் டெக்னீஷியனாக இருந்தாலும்.

அகர வரிசையில் போட்டால் சண்டையே வராது என்கிறார்கள். கணிதத்தில் அது நெடுநாள் வழக்கம். பகா எண்ணைக் கண்டறியும் வழியை 2002இல் வெளியிட்ட கான்பூர் ஐஐடியின் அகர்வால், கயால், சக்சேனா மூவரும் அந்த வரிசையில்தான் நிற்கிறார்கள். பின்னிரண்டு பேர் அப்போதுதான் பி.டெக். முடித்த மாணவர்கள். கணிதத் துறையினர் அப்படியே தொடரட்டும். ஆய்வகத் துறைகளுக்கு அது ஒத்துவராது. அதிலும் நம் பெயர்களுக்கு ஒத்தே வராது. இதழின் படிவம் கடைசிப் பெயர் கேட்கும், நாம் அப்பா பெயரைப் போடுவோம். ஆரோக்கியசாமியின் மகள் ‘ஏ’யில் வந்து முன்னால் நிற்பாள், வேளாங்கண்ணியின் மகள் ‘வி’யில் போய்க் கடைசியில் நிற்பாள். உழைப்பு யாருடையது என்பதற்கு அதில் இடமே இல்லை.

வரிசை மட்டும் போதாது, யார் எதைச் செய்தார் என்பதும் பதிவாக வேண்டும். 1928 மார்ச் 31ஆம் தேதி ‘நேச்சர்’ இதழில், பின்னர் இராமன் விளைவு என்று பெயர் பெற்ற கண்டுபிடிப்பின் குறிப்பு வந்தது. அதில் இரண்டு பெயர்கள்: சி.வி. இராமன், கே.எஸ். கிருஷ்ணன். அகர வரிசையில் போட்டிருந்தால் வத்திராயிருப்புக்காரரான கிருஷ்ணன் முந்தியிருப்பார். 1930இல் நோபல் பரிசு இராமன் ஒருவருக்கே வந்தது. கிருஷ்ணனின் பங்கு எவ்வளவு என்ற பேச்சு இன்றும் ஓயவில்லை. யார் எதைச் செய்தார் என்று கட்டுரையிலேயே எழுதும் வழக்கம் அன்று இல்லை. இன்று இருக்கிறது: பங்களிப்பைப் 14 வகையாகப் பிரித்துச் சொல்லும் ‘கிரெடிட்’ முறையைப் பல இதழ்கள் கேட்கின்றன. அதைக் கடைசி நிமிடத்தில் இட்டு நிரப்பாமல் வரிசை பேசும் நாளிலேயே நிரப்புங்கள்.

இருவரும் சமம் என்று நட்சத்திரக் குறி போடுவதை நாங்கள் தடுக்கவில்லை. வேலைக்கான நேர்காணல் மேசையில் அந்தக் குறியை எத்தனை பேர் பார்ப்பார்கள் என்று மட்டும் யோசித்துக்கொள்ளுங்கள்.

கல்லூரிகளிடம் எங்கள் கோரிக்கை ஒன்றுதான். ஒவ்வொரு டாக்டோரல் கமிட்டிக் கூட்டத்தின் குறிப்பிலும் அடுத்த கட்டுரையின் ஆசிரியர் வரிசையைப் பதிவு செய்யுங்கள். வேலை கைமாறினால் வரிசையும் மாறலாம், ஆனால் மாற்றத்துக்கு எல்லோரும் கையெழுத்திட வேண்டும். பாதியில் படிப்பை விட்டுப் போன மாணவரின் இடம் கீழே இறங்கலாம். அவர் எடுத்த அளவீடு கட்டுரையில் இருக்கும்வரை, அவருடைய ஒப்புதலோடு, அவர் பெயரும் இருக்க வேண்டும்.