தர்மப் பிரபு டியூக்கின் கணக்கு

எல்கடுவயில் நாம் நடத்திய தோட்டத் தொழிலாளர் கூட்டமொன்றில் ஒரு பெரியவர் எழுந்தார். ஓய்வுபெற்ற ஆசிரியர், நம்மீது அன்பு கொண்டவர். "சட்டம், சட்டம் என்று எத்தனை காலம் பேசுவீர்கள், தம்பி? அமெரிக்காவிலே டியூக் என்றொரு புகையிலைச் செல்வர் இருந்தார். பல்கலைக்கழகமும் வைத்தியசாலையும் அள்ளிக் கொடுத்தார். அப்படியொரு தர்மவான் இந்த மலைக்கு வந்தால் போதாதா?" என்றார். கூட்டம் கை தட்டியது. அன்று மழை வந்து நம்மைக் கலைத்தது. பதிலை இங்கே எழுதுகிறோம்.

ஜேம்ஸ் டியூக் 1856 இல் வட கரோலினாவில் ஒரு விவசாயியின் மகனாகப் பிறந்தார். தந்தை வாஷிங்டன் டியூக் உள்நாட்டுப் போரில் சிறைப்பட்டு, 1865 இல் விடுதலையாகி, நெடுந்தூரம் கால்நடையாகவே வீடு சேர்ந்தவர். பண்ணையில் எஞ்சிக் கிடந்த புகையிலையை அடித்துத் தூளாக்கிப் பையிலிட்டு விற்றார். அதற்கு அவர் இட்ட பெயர் 'ப்ரோ போனோ பப்ளிகோ'. பொது நன்மைக்காக என்பது பொருள். ஏழையின் வழக்கைக் கட்டணமின்றி ஏற்பதற்கு நம் தொழிலில் வழங்கும் சொற்றொடரும் அதுவே என்பதை எண்ணிச் சிரிக்காமல் இருக்க முடியவில்லை.

தந்தை வைத்த பெயரின் பொருளை மகன் எவ்வாறு காப்பாற்றினார்? சிகரெட்டுகளைக் கையால் சுற்றிய காலம் அது. நிமிடத்துக்கு நான்கு சுற்றினால் கெட்டிக்காரத் தொழிலாளி. பொன்சாக் என்பவர் அமைத்த இயந்திரமோ நிமிடத்துக்கு இருநூறு சுற்றியது. இயந்திரத்தை வாங்கியதில் குற்றமில்லை. ஆனால் 1885 இல் டியூக் செய்த இரகசிய ஒப்பந்தத்தைப் பாருங்கள்: போட்டியாளர் எவர் அதே இயந்திரத்தை எடுத்தாலும் அவருடைய உரிமைக் கட்டணத்திலும் டியூக்கின் கட்டணம் கால் பங்கு குறைவாக இருக்க வேண்டும்! ஓட்டப் பந்தயத்தில் மற்றவர் காலில் கல்லைக் கட்டிவிட்டு வென்றவரை வீரர் என்போமா? கையால் சுற்றியவர்கள் வேலை இழந்தார்கள். போட்டியாளர்கள் களைத்தார்கள். 1890 ஜனவரியில் ஐந்து பெரிய கம்பனிகள் ஒன்றாகி அமெரிக்கன் டொபாக்கோ கம்பனி பிறந்தது. தலைவர் டியூக், வயது முப்பத்து மூன்று. அதே ஆண்டு ஜூலையில் ஏகபோகத்துக்கு எதிரான ஷேர்மன் சட்டம் நிறைவேறியது. சட்டம் பிறந்த பிறகும் ஏகபோகம் இருபது ஆண்டுகள் கொழுத்து வளர்ந்தது.

விவசாயப் பெருமக்கள் இனி வருவதைக் கவனிக்க வேண்டும். கென்டக்கியிலும் டென்னசியிலும் கரும்புகையிலை பயிரிட்டோருக்கு ஊரெங்கும் கொள்வனவாளர் இருந்தனர், போட்டி இல்லை. டியூக்கின் கூட்டும் சில ஐரோப்பிய அரசுகளின் முகவர்களும் வைத்ததே விலை. அவ்விலை சாகுபடிச் செலவுக்கும் போதவில்லை. 1904 இல் விவசாயிகள் சங்கம் அமைத்து இலையை விற்காது இருப்பில் வைத்தனர். பொறுமை இழந்த சிலர் முகமூடி அணிந்து இரவில் குதிரையேறினர். 1906 டிசம்பரில் பிரின்ஸ்டனிலும், மறு டிசம்பரில் ஹொப்கின்ஸ்வில்லிலும் களஞ்சியங்கள் எரிந்தன. சங்கத்தில் சேராத ஏழை விவசாயிகளும் கறுப்பின மக்களும் அவர்களிடம் அடிபட்டனர். அதனை நாம் நியாயப்படுத்த மாட்டோம். ஆனால் அந்த நெருப்பை மட்டும் கண்டித்து, விறகு அடுக்கியவனை வள்ளல் என்பது எந்த ஊர் நீதி?

1911 மே 29 இல் அமெரிக்க உயர் நீதிமன்றம் அக்கூட்டைக் கலைக்கத் தீர்ப்பளித்தது. எவ்வாறு பிரிப்பது என்ற திட்டம் வகுக்கவும் டியூக்கின் உதவியே வேண்டியிருந்தது. அந்தச் சிக்கலை முழுதும் அறிந்தவர் அவர்தான்! அவ்வழக்கில் எவரும் சிறை செல்லவில்லை. குறைந்த விலைக்கு இலையை விற்ற விவசாயிக்கு ஒரு சதமும் திரும்பவில்லை.

பிறகுதான் தர்மம் வந்தது. 1924 டிசம்பரில் நாற்பது மில்லியன் டொலர். திரித்துவக் கல்லூரி டியூக் பல்கலைக்கழகமாயிற்று. இலவசப் படுக்கைக்கு நாளொன்றுக்கு ஒரு டொலர் என வைத்தியசாலைகள் பெற்றன. அநாதைச் சிறுவரும் பெற்றனர். கறுப்பினத்தவரையும் பத்திரம் விலக்கவில்லை. இந்நன்மையை நாம் மறுக்கவில்லை. அதனால் உயிர் பிழைத்தோர் பலர். ஆனால் சட்டம் படித்தவர் கண் பத்திரத்தின் உள்ளே போகும். கொடையின் பெரும்பகுதி அவரது மின்சாரக் கம்பனியின் பங்குகள். பங்குகளை விற்கத் தர்மகர்த்தாக்கள் எளிதில் துணிய முடியாதபடி நிபந்தனை. ஆண்டுக்கொரு முறை பத்திரத்தை அவர்கள் உரக்க வாசிக்கவும் வேண்டும். 1925 இல் மறைந்தவரின் குரல் இன்றும் கூட்டத்துக்கு வருகிறது. பல்கலைக்கழக வளாகத்தில் அவரது சிலை கையில் சுருட்டுடன் நிற்கிறது. அவ்வளாகத்தில் 2020 முதல் புகைத்தல் தடை!

இந்தக் கதைக்கும் எல்கடுவக்கும் என்ன தொடர்பு என்பீர்கள். 1902 இல் டியூக்கின் கம்பனியும் ஆங்கிலேயக் கம்பனியும் உலகச் சந்தையைப் பங்கிட்டுக்கொண்டு அமைத்ததே பிரிட்டிஷ் அமெரிக்கன் டொபாக்கோ. முதல் தலைவர் டியூக். இலங்கைப் புகையிலைக் கம்பனியின் பங்குகளில் ஏறத்தாழ 84 வீதம் அதன் கையில். பெட்டியில் 80 வீதப் படஎச்சரிக்கை வேண்டும் என 2012 இல் இங்கே ஒழுங்குவிதி வந்தபோது, கம்பனி நீதிமன்றம் சென்றது. 2015 இல் பாராளுமன்றம் சட்டம் திருத்தியே 80 வீதத்தை நிலைநிறுத்தியது. கொழுந்துக் கூடையை இறக்கியவரின் கணவன் கடையில் ஒற்றைச் சிகரெட் வாங்கும் காசிலும் அந்தப் பரம்பரைக்குப் பங்கு உண்டு.

யாழ்ப்பாணத்து விவசாயி வேறு வழி கண்டான். மலையாளத்துக்குப் போன தன் புகையிலையைத் தரகரின் கையில் விடாமல், 1930களில் கூட்டுறவு விற்பனைச் சங்கம் கண்டு தானே விற்றான். அவன் எந்த வள்ளலுக்கும் காத்திருக்கவில்லை. புகையிலையை நாம் புகழவில்லை. அது கொல்லும் பொருள். அவன் கண்ட வழியைச் சொல்கிறோம்.

பெரியவரே, கொடுப்பவர் நினைத்தால் வருவது தர்மம்; அவர் நினையாவிட்டாலும் வரவேண்டியது உரிமை. 1958 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கச் சட்டப்படி தொழிலாளியின் சம்பளத்தில் 8 வீதமும் முதலாளியிடமிருந்து 12 வீதமும் சேமலாப நிதிக்குச் சேர வேண்டும். அதைக் கேட்க எவர் கையையும் நாம் முத்தமிட வேண்டியதில்லை. அடுத்த கூட்டத்துக்குச் சம்பளத் துண்டுகளையும் நிதிக் கணக்குக் கூற்றுகளையும் கொண்டு வரச் சொல்லுங்கள். ஒவ்வொன்றாக நாமே ஒப்பிட்டுப் பார்க்கிறோம்.