பதக்கம் இல்லாத அறிவியல் எங்கே?

தமிழ்ப்பள்ளி மாணவர்கள் அறிவியல் புத்தாக்கப் போட்டியில் பதக்கம் வென்ற செய்தி நம் நாளிதழ்களுக்குப் புதிதல்ல. உள்நாட்டில் மட்டுமல்ல, வெளிநாடுகளுக்கும் சென்று தங்கம் வென்று திரும்புகிறார்கள். பாராட்ட வேண்டிய வளர்ச்சி இது. ஆனால், அந்தப் படத்தில் பதக்கத்தோடு நிற்பவர்கள் நான்கைந்து பேர்தான். அதே பள்ளியில் படிக்கும் மற்ற மாணவர்களுக்கு அறிவியல் என்பது என்ன? பாடநூல், பயிற்சிப் புத்தகம், சோதனை. அதோடு முடிந்துவிடுகிறது.

போட்டிக்காக இல்லாமல், மதிப்பெண்ணுக்காக இல்லாமல், வெறும் ஆர்வத்துக்காக ஒரு பிள்ளையும் அதன் பெற்றோரும் சென்று கலந்துகொள்ளும் அறிவியல் நிகழ்வு நம் குடியிருப்பில் நடக்கிறதா? சுங்கை வே போன்ற ஓர் இடத்தை வைத்து இந்தக் கேள்வியைக் கேட்டுப் பார்ப்போம்.

இப்போது ஏன் இந்தக் கேள்வி?

மேல்நிலை மாணவர்களில் 60 விழுக்காட்டினர் அறிவியலும் 40 விழுக்காட்டினர் கலையும் பயில வேண்டும் என்ற இலக்கு இந்நாட்டில் அரை நூற்றாண்டுக்கும் மேலாக இருக்கிறது. அது இன்னும் எட்டப்படவில்லை. இதற்கிடையே இரண்டு மாற்றங்கள் வந்துள்ளன. 2020 முதல் படிவம் நான்கில் அறிவியல் பிரிவு, கலைப் பிரிவு என்ற பழைய பிரிவினை நீக்கப்பட்டு, பாடத் தொகுப்புகளைத் தேர்ந்தெடுக்கும் முறை வந்தது. 2021இல் யுபிஎஸ்ஆர் தேர்வும் அகற்றப்பட்டது.

இதன் பொருள் என்ன? முன்பு தேர்வு முடிவு பிள்ளையை ஒரு பிரிவுக்குள் தள்ளியது. இன்று பிள்ளையின் விருப்பத்துக்கு முன்பைவிட அதிக இடம் இருக்கிறது. இயற்பியல் வேண்டுமா, வேண்டாமா என்று பதினாறு வயதில் முடிவெடுக்கும் மாணவர், "கஷ்டமான பாடம்" என்ற பயத்தில் முடிவெடுக்கிறாரா, அல்லது அதில் சுவை கண்டு முடிவெடுக்கிறாரா என்பதே இன்றைய கேள்வி. அந்தச் சுவை வகுப்பறையில் மட்டும் பிறப்பதில்லை.

அருகில் இருப்பவை

கிள்ளான் பள்ளத்தாக்கில் வாழ்பவர்களுக்கு வாய்ப்பு இல்லை என்று சொல்ல முடியாது. கோலாலம்பூர் ஏரிப் பூங்கா அருகே தேசியக் கோளரங்கம், புக்கிட் கியாராவில் 1996இல் திறக்கப்பட்ட தேசிய அறிவியல் மையம், இரட்டைக் கோபுரத்தில் பெட்ரோசைன்ஸ், மலாயாப் பல்கலைக்கழகத்தில் ரிம்பா இல்மு தாவரவியல் பூங்கா என்று பட்டியல் நீளமானது. 1940இல் தோன்றிய மலேசிய இயற்கைக் கழகம் 2000ஆம் ஆண்டு முதல் மார்ச் மாதத்தில் போர்ட்டிக்சன் அருகே தஞ்சோங் துவானில் கழுகு, பருந்துகளை வரவேற்கும் விழாவை நடத்திவருகிறது. சுமத்ராவிலிருந்து மலாக்கா நீரிணையைக் கடந்து வடக்கே திரும்பும் தேன் பருந்துகள் அங்கேதான் கரை சேர்கின்றன. தரை சூடாகி மேலெழும் காற்றில்தான் இப்பறவைகள் சிறகடிக்காமல் மிதந்து செல்லும். கடலின் மேல் அந்தக் காற்று கிடைக்காது. அதனால்தான் நீரிணையின் மிகக் குறுகிய பகுதியைத் தேடி வருகின்றன.

கெப்போங்கில் உள்ள மலேசிய வன ஆய்வுக் கழகம் இன்னொரு வியப்பு. ஈயம் தோண்டி வெறுமையாய்க் கிடந்த நிலத்தில் 1920களில் தொடங்கி மனிதர்கள் நட்டு வளர்த்த மழைக்காடு அது. 2025 ஜூலையில் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியத் தலமாக அறிவித்தது. அங்கே வானைப் பார்த்து நின்றால், கப்பூர் மரங்களின் உச்சிகள் ஒன்றையொன்று தொடாமல் விலகி நிற்பதைக் காணலாம். பழங்காலத்தில் இந்தத் தீவுகளிலிருந்து இந்தியாவுக்குக் கப்பலேறிய கற்பூரம் இம்மரத்திலிருந்துதான் கிடைத்தது. இன்று நம் பூசைத் தட்டில் எரிவது பெரும்பாலும் பைன் வகை மரங்களின் எண்ணெயிலிருந்து ஆலையில் செய்யப்படுவது. இந்த ஒரு செய்தி போதும், ஒரு தமிழ்ப் பிள்ளை அந்த மரத்தை மறக்காமல் இருக்க.

தடை எது?

சுங்கை வேயிலிருந்து இந்த இடங்களுக்குப் போக வழி இருக்கிறது. ஸ்ரீ செத்தியா நிலையத்தில் கொமுட்டர் ஏறினால் கோலாலம்பூருக்கும் கெப்போங் சென்ட்ரலுக்கும் போகலாம். கிளானா ஜெயாவிலிருந்து எல்ஆர்டி நேராகக் கேஎல்சிசி செல்கிறது. ஆகவே தூரம் மட்டும் தடையல்ல.

முதல் தடை, நேரம். 1970களில் தடையற்ற வர்த்தக மண்டலம் வந்தபிறகு சுங்கை வே தொழிற்சாலை வட்டாரமானது. தோட்டங்களை விட்டு வந்த நம் குடும்பங்கள் பல இதைச் சுற்றியுள்ள குடியிருப்புகளில் வேரூன்றின. ஷிப்டு வேலை பார்க்கும் பெற்றோருக்குச் சனிக்கிழமை விடுமுறை என்பது உறுதியில்லை. நால்வர் கொண்ட குடும்பம் வெளியே போய்வர நுழைவுக் கட்டணம், போக்குவரத்து, சாப்பாடு என்று செலவும் கூடும்.

இரண்டாவது, மொழி. நம் பிள்ளை ஆறாம் ஆண்டு வரை தமிழில் "ஒளிச்சேர்க்கை" என்று படிக்கிறது. பொது நிகழ்வுகளின் விளம்பரமும் விளக்கமும் பெரும்பாலும் மலாயிலும் ஆங்கிலத்திலும் இருக்கின்றன. பிள்ளை சமாளித்துக்கொள்ளும். ஆனால் உடன் வரும் பாட்டியும் தாத்தாவும் ஓரமாக உட்கார்ந்துவிடுகிறார்கள். தோட்டத்தில் வாழ்ந்த அந்தத் தலைமுறைக்குச் செடி, பாம்பு, மழை பற்றித் தெரிந்தது ஏராளம். அதைச் சொல்ல இடமே இல்லாமல் போகிறது.

மூன்றாவதுதான் முக்கியமானது. "சான்றிதழ் தருவார்களா?" என்பது நம் முதல் கேள்வியாகிவிட்டது. பெற்றோரைக் குறை சொல்வதற்கில்லை. அரசுப் பல்கலைக்கழக நுழைவுக்கான மதிப்பீட்டில் 10 விழுக்காடு புறப்பாட நடவடிக்கைகளுக்கு உண்டு. எனவே சான்றிதழ் ஒரு சொத்து. ஆனால் சான்றிதழுக்காகச் செய்யும் அறிவியலில் விடை முன்பே தெரிந்திருக்க வேண்டும். கண்காட்சியில் கருவி தவறாமல் வேலை செய்ய வேண்டும். "எனக்குத் தெரியவில்லை, பார்ப்போமே" என்று சொல்லும் சுதந்திரம் அங்கே இல்லை. அறிவியலுக்கு உயிரே அந்தச் சொல்லில்தான் இருக்கிறது.

பத்துமலையில் ஒரு பாடம்

நம் சமூகம் ஆண்டுதோறும் இலட்சக்கணக்கில் கூடும் இடம் பத்துமலை. 272 படிகளில் ஏறுகிறோம். 204ஆவது படி அருகே இடப்பக்கம் பிரியும் வழி இருண்ட குகைக்குச் செல்கிறது. கோடிக்கணக்கான ஆண்டுகள் பழமையான சுண்ணாம்புப் பாறையில் மழைநீர் அரித்துக் குடைந்த குகை அது. அதனுள் வாழும் லிஃபிஸ்டியஸ் பத்துவென்சிஸ் என்ற பொறிக்கதவுச் சிலந்திக்கு 1923இல் பத்துமலையின் பெயராலேயே அறிவியல் பெயர் சூட்டப்பட்டது. மற்றச் சிலந்திகள் இழந்துவிட்ட கண்டம் கண்டமான வயிற்றுப் பகுதி இதற்கு இன்னும் இருக்கிறது. அதனால் சிலந்தி இனத்தின் மிகப் பழைய கிளையாக இதைக் கருதுகிறார்கள்.

பல ஆண்டுகள் அங்கே வழிகாட்டியுடன் கல்விச் சுற்றுலா நடந்தது. 2019இல் குகை பொதுமக்களுக்கு மூடப்பட்டது. அப்போது நம்மில் எத்தனை பேர் அதை ஓர் இழப்பாக உணர்ந்தோம்? நாம் அறியாத ஒன்றை இழக்கும்போது வலிப்பதில்லை. உள்ளூர் அறிவியல் நிகழ்வுகள் வெறும் பொழுதுபோக்கு அல்ல என்பதற்கு இதுவே சான்று. குன்றையும் குகையையும் காக்கவேண்டும் என்ற குரல், அவற்றை நேரில் பார்த்துத் தெரிந்துகொண்டவர்களிடமிருந்துதான் வரும்.

தமிழ்நாடு காட்டிய வழி

பெரிய கட்டடமும் பணமும் இல்லாமல் அறிவியலைத் தெருவுக்குக் கொண்டுவர முடியும் என்பதைத் தமிழ்நாடு காட்டியிருக்கிறது. 1980இல் தொடங்கிய தமிழ்நாடு அறிவியல் இயக்கம் "துளிர்" என்ற சிறுவர் அறிவியல் மாத இதழை நடத்துகிறது. கிரகணம் வந்தால் பாதுகாப்பான கண்ணாடியோடு மக்களைத் திடலுக்கு அழைக்கிறது. 1993இல் இந்திய அளவில் தொடங்கிய தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாட்டில், பிள்ளைகள் தம் ஊர்ப் பிரச்சினை ஒன்றை எடுத்துத் தம் தாய்மொழியிலேயே ஆய்வு செய்யலாம்.

இன்னும் எளிய எடுத்துக்காட்டு, பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு. 2015 முதல் பொங்கல் விடுமுறை நாள்களில் பறவை ஆர்வலர்கள் இதை நடத்துகிறார்கள். விதி சுலபமானது. வீட்டு மாடியோ, வயலோ, குளக்கரையோ, ஓரிடத்தில் குறைந்தது 15 நிமிடம் நின்று, கண்ட பறவைகளை எண்ணி, இ-பேர்ட் தளத்தில் பதிவேற்ற வேண்டும். பரிசு கிடையாது. ஆனால் பதிவேற்றிய ஒவ்வொரு பட்டியலும் உலக ஆய்வாளர்கள் பயன்படுத்தும் தரவாகிவிடுகிறது. பொங்கல் நமக்கும் உண்டு. பறவைகளும் உண்டு.

சுங்கை வேயில் என்ன செய்யலாம்?

சாலையைக் கடந்தால் கிளானா ஜெயா நகராண்மைப் பூங்கா. அங்குள்ள ஏரிகள் பழைய ஈயக் குட்டைகள். பொங்கல் மறுநாள் காலை ஏழு மணிக்கு இருபது குடும்பங்கள் அங்கே கூடினால் போதும். கொக்கு, மீன்கொத்தி, மைனா, காகம் என்று எண்ணத் தொடங்கலாம். காகத்தை அலட்சியமாக நினைக்க வேண்டாம். காப்பித் தோட்டங்களின் புழுக்களைத் தின்பதற்காக, ஏறத்தாழ 120 ஆண்டுகளுக்கு முன் இலங்கையிலிருந்து கிள்ளானுக்குக் கொண்டுவரப்பட்ட பறவை அது. காப்பி போய்விட்டது, காகம் இங்கேயே பெருகிவிட்டது. ஓர் உயிரினத்தை இடம் மாற்றினால் என்ன நடக்கும் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் எந்த நூலில் இருக்கிறது?

இரண்டாவது நிகழ்வுக்கு ஒரு குச்சி போதும். சுங்கை வே வட அகலக்கோடு ஏறத்தாழ 3 பாகையில் இருக்கிறது. அதனால் ஆண்டுக்கு இருமுறை, மார்ச் 28ஐயும் செப்டம்பர் 15ஐயும் ஒட்டிய நாள்களில், சூரியன் நேர் உச்சிக்கு வரும். பிற்பகல் 1.10 முதல் 1.20 மணிக்குள் நட்டுவைத்த குச்சியின் நிழல் காணாமல் போகும். சென்னை 13 பாகையில் இருப்பதால், அதே மார்ச் நாளின் உச்சி வேளையில் அங்கே ஒரு மீட்டர் குச்சிக்குச் சுமார் 17.5 சென்டிமீட்டர் நிழல் விழும். அதிலிருந்து 10 பாகைக் கோணம் கிடைக்கும். இரு ஊர்களுக்கும் வடக்கு தெற்காக உள்ள இடைவெளி ஏறக்குறைய 1,110 கிலோமீட்டர். முழு வட்டம் 360 பாகை. 10 பாகை அதில் 36இல் ஒரு பங்கு. 1,110ஐ 36ஆல் பெருக்கினால் 40,000 கிலோமீட்டருக்கு அருகில் வரும். அதுதான் பூமியின் சுற்றளவு! ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் எகிப்தில் எரட்டோஸ்தனிஸ் பயன்படுத்திய வழி இது. இங்குள்ள ஒரு தமிழ்ப்பள்ளியும் சென்னையில் ஒரு பள்ளியும் வாட்சாப் வழி பேசிக்கொண்டு ஒரே நாளில் இதைச் செய்துவிடலாம்.

யார் முன்வருவது?

இவற்றுக்கு மானியம் தேவையில்லை. பெற்றோர் ஆசிரியர் சங்கம், கோயில் இளைஞர் பிரிவு, குடியிருப்பாளர் சங்கம் இவற்றில் ஏதேனும் ஒன்று ஆண்டுக்கு மூன்று தேதிகளைக் குறித்தால் போதும். பல்கலைக்கழகத்தில் உயிரியல், இயற்பியல் படிக்கும் நம் இளைஞர்கள் ஒரு காலைப் பொழுதைத் தரலாம். விளக்கம் தமிழில் இருக்கட்டும். கலைச்சொற்களை மலாயிலும் ஆங்கிலத்திலும் சேர்த்தே சொல்லட்டும். படிவம் ஒன்றுக்குச் செல்லும் பிள்ளைக்கு அது பாலமாகும். ஷிப்டு வேலை முடிந்து வருபவரும் கலந்துகொள்ளும்படி நேரம் அமையட்டும். ஒரே ஒரு நிபந்தனை: பரிசு வேண்டாம், மேடைப் பேச்சு வேண்டாம், மாலை மரியாதை வேண்டாம்.

போட்டிகளை நிறுத்தச் சொல்லவில்லை. நம் ஆசிரியர்களும் அறிவியல் சங்கங்களும் பல ஆண்டு உழைத்துக் கட்டியது அது. ஆனால் போட்டி என்பது கோபுரம். ஆர்வமுள்ள பொதுமக்கள்தான் அதன் அடித்தளம். அடித்தளம் அகலமாக இல்லாவிட்டால் கோபுரம் எத்தனை நாள் நிற்கும்?

2019 டிசம்பர் 26 அன்று ஒரு வளையச் சூரிய கிரகணம் தமிழ்நாடு, வட இலங்கை, சிங்கப்பூர் என்று தமிழர் வாழும் நிலங்கள் பலவற்றைத் தொட்டுச் சென்றது. 2031 மே 21 அன்று இன்னொரு வளையக் கிரகணம் தமிழ்நாடு, இலங்கை, மலேசியா வழியாகச் செல்லவிருக்கிறது. கிள்ளான் பள்ளத்தாக்கிலும் சூரியனின் பெரும்பகுதி மறையும். இன்று தமிழ்ப்பள்ளியில் இருக்கும் பிள்ளைகள் பலர் அப்போது இடைநிலைப்பள்ளி மாணவர்கள். அன்று அவர்கள் கதவைச் சாத்திக்கொண்டு வீட்டுக்குள் இருப்பார்களா, அல்லது பாதுகாப்புக் கண்ணாடியோடு திடலில் நின்று அக்கம்பக்கத்தாருக்கு விளக்கிக்கொண்டிருப்பார்களா? அது இப்போதிருந்து நாம் குறிக்கும் சின்னச் சின்னத் தேதிகளைப் பொறுத்தது. முதல் தேதியாக வரும் பொங்கலையே வைத்துக்கொள்ளலாம்.