கடிதமும் சரக்குதான்

நம் ஆலங்குளத்தில் பலர் கேரள வியாபாரிகளின் ஆர்டர், பில், பாக்கி விவரம் எல்லாவற்றையும் கடைக் கம்ப்யூட்டரின் அவுட்லுக்கிலேயே விட்டுவைத்திருக்கிறோம். 'பாப்' முறையில் இறங்கிய கடிதம் பெரும்பாலும் சர்வரில் தங்குவதில்லை. சென்ற மழையில் என் ஹார்டு டிஸ்க் போயிற்று. நான்கு வருடக் கடிதங்களும் போயின. பாக்கிக்காரர் "ஆதாரம் எங்கே?" என்கிறார். ஜி.எஸ்.டி. சட்டமோ, ஆண்டுக் கணக்குத் தாக்கலின் கெடு தேதியிலிருந்து 72 மாதம் கணக்கு ஆவணங்களைக் காக்கச் சொல்கிறது.

சர்வருக்கு மாத வாடகையா என்று தயங்குவோர் உண்டு. குடோனுக்குக் கொடுக்கிறோமே! முதலில் பி.எஸ்.டி. கோப்பை வேறொரு டிஸ்கில் நகல் எடுங்கள். பிறகு 'ஐமேப்' முறையில் கணக்கைச் சேர்த்து, பழைய ஃபோல்டர்களைச் சிறிது சிறிதாக சர்வரில் ஏற்றுங்கள். ஒரு மணி நேர வேலை என்பார்கள், நம்பாதீர்கள், இரவெல்லாம் ஆகலாம். இரு பக்கமும் எண்ணிக்கை ஒத்துவரும்வரை பழையதில் கை வைக்க வேண்டாம்.