கூரையில்லாத அறை

பங்குனித் திங்களில் திருவாரூர்த் தேர்வீதியில் ஒருமுறை நின்றவர்களுக்கு, கூட்டம் என்றால் என்னவென்று எவரும் விளக்க வேண்டியதில்லை. அலங்காரம் முடிந்த ஆழித்தேர் 96 அடி உயரத்தோடும் ஏறத்தாழ 300 டன் எடையோடும் அசைந்து வருகிறது. வடம் பிடிப்போர் ஒருபுறம், முட்டுக்கட்டை போடுவோர் ஒருபுறம், திண்ணையிலும் மாடியிலும் மதிலிலும் மனிதத் தலைகள். நின்ற இடத்திலிருந்து ஓரடி முன்னும் நகர முடியாது. பின்னும் நகர முடியாது. ஊர் முழுவதும் ஓருடலாகிப் போகும் நேரம் அது.

அத்தகைய ஒரு நாளில் நாம் கண்ட காட்சியொன்று இக்கட்டுரைக்குக் காரணம். இரைப்பு நோயுள்ள மூதாட்டி ஒருவர் தம் பேரனை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றார். முன்னே நின்ற இளைஞர் ஒருவர் பீடி பற்றவைத்தார். “தம்பி, கொஞ்சம் தள்ளி நின்னு பிடிப்பா, மூச்சு முட்டுது” என்றார் மூதாட்டி. “திறந்த வெளிதானே ஆத்தா, காத்துல போயிடும்” என்று மரியாதையாகவே மறுமொழி வந்தது. அந்த இளைஞரிடம் முரட்டுத்தனம் இல்லை. தாம் சொன்னதை அவர் உண்மையாகவே நம்பினார். அவரை நாம் குறைகூற வரவில்லை. அவரது நம்பிக்கையோடுதான் நமக்கு வழக்கு. ஏனெனில் அது அவர் ஒருவருடைய நம்பிக்கை மட்டுமன்று. நம் சட்டமே ஒரு காலத்தில் அதைத்தான் சொல்லிற்று.

2003ஆம் ஆண்டில் நடுவண் அரசு இயற்றிய புகையிலைப் பொருள்கள் சட்டம், பொது இடங்களில் புகைபிடித்தலைத் தடைசெய்தது. அரங்கம், மருத்துவமனை, நீதிமன்றம், பள்ளி, நூலகம், பேருந்து என்று பட்டியலிட்ட அச்சட்டம், பொது இடம் என்பதில் திறந்த வெளி அடங்காது என்றும் ஒரு தொடரைச் சேர்த்தது. 2008 அக்டோபர் 2 முதல் நடைமுறைக்கு வந்த விதிகள் இந்த ஓட்டையை ஓரளவு அடைத்தன. திறந்தவெளி அரங்கு, விளையாட்டரங்கு, இரயில் நிலையம், பேருந்து நிறுத்தம் போன்று மக்கள் வந்துபோகும் இடங்களைத் திறந்த வெளி என்று சொல்லித் தப்ப முடியாது என்றன. ஆனால் தேர்வீதி? அறுவடை முடிந்த வயலில் கூடும் மாநாடு? தெருமுனைப் பொதுக்கூட்டம்? கந்தூரி ஊர்வலம்? இவற்றின் பெயர்கள் அப்பட்டியலில் இல்லை. ‘போன்ற’ என்ற ஒரு சொல்லுக்குள் இவையெல்லாம் அடங்குமென்று படித்தவர் வாதிடலாம். வீதியில் நிற்கும் காவலருக்கும் பீடி பிடிக்கும் தோழருக்கும் அது எட்டுவதில்லை.

நாம் சொல்ல வந்தது இதுதான்: கூட்டம் என்பது கூரையில்லாத அறை. அதற்குச் சுவர் உண்டு. மனிதரே அதன் சுவர். அதற்குக் கதவு இல்லை. ஆகவே பெருங்கூட்டம் கூடும் எந்த இடத்திலும், அது வானத்தின் கீழே இருந்தாலும், புகைபிடித்தல் கூடாது.

காற்று அடித்துச் சென்றுவிடும் என்பதை முதலில் பார்ப்போம். 2007இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் திறந்தவெளிப் புகையை அளந்து வெளியிட்டனர். புகைப்பவருக்கு இரண்டு மூன்றடி தொலைவில் இருப்பவர், புகை வீசும் திசையில் அமர்ந்திருந்தால், அறைக்குள் இருப்பதற்கு ஒப்பான அளவு புகையைச் சுவாசிக்க நேரிடும் என்று கண்டனர். ஏறத்தாழ ஆறேழடி தள்ளிப் போனால் அது வெகுவாகக் குறைந்துவிடுகிறது என்றும் கண்டனர். ஆம், காற்று புகையைக் கொண்டுபோகத்தான் செய்கிறது. ஆனால் முதலில் அடுத்தவர் மூக்கு வழியாகக் கொண்டுபோகிறது. தேர்வீதியில் ஆறடி இடைவெளி எங்கே கிடைக்கும்? ஆறு விரற்கிடை கிடைத்தாலே பெரிது. உலகெங்கும் ஆண்டுதோறும் பத்து இலட்சத்திற்கும் மேற்பட்டோர், தாம் புகைக்காமல் பிறர் புகையால் மட்டுமே மாள்கின்றனர் என்று உலக நலவாழ்வு நிறுவனம் கணக்கிடுகிறது. அவர்கள் செய்த குற்றம், அருகில் இருந்தது மட்டுமே.

புகையோடு முடிந்தால் பரவாயில்லை, நெருப்பும் இருக்கிறது. இழுக்கும் வேளையில் சிகரெட்டின் நுனி 800 பாகை செல்சியசைத் தாண்டிக் கனல்கிறது. நின்றபடி புகைப்பவரின் கை தொங்கும் உயரம், நடந்து வரும் சிறு குழந்தையின் கண் உயரம். பீடியோ அடிக்கடி அணையும் இயல்பினது. ஒரு பீடிக்கு இரண்டு மூன்று தீக்குச்சிகள் செலவாகும். அக்குச்சிகள் விழும் இடம் எது? நம் காவிரிப் படுகையில் சம்பா அறுவடை முடிந்து, வைக்கோற்போர்கள் எழுந்து, வயல்தாள் காய்ந்து கிடக்கும் மாதங்களே திருவிழாக் காலம். மாநாட்டுக் காலமும் அதுவே. நாம் நிழலுக்குப் போடுவதோ தென்னங்கீற்றுப் பந்தல்.

கீற்றும் நெருப்பும் சந்தித்தால் என்ன ஆகுமென்று இப்பகுதி மக்களுக்குப் பாடம் நடத்த வேண்டியதில்லை. 1926இல் திருவாரூரின் பழைய ஆழித்தேர் தீக்கிரையாயிற்று. 1997 ஜூன் 7 அன்று தஞ்சைப் பெரிய கோயிலில் குடமுழுக்கின்போது வேள்விச்சாலைப் பந்தல் பற்றியதில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்துப் பள்ளியில் கீற்றுக்கூரை எரிந்து 94 குழந்தைகளை இழந்தோம். இத்துயரங்களைப் புகைபிடிப்பவர் தலையில் சுமத்துவது நம் நோக்கமன்று. நெருப்பு எங்கிருந்து பிறந்தாலும் கூட்டத்தில் அது என்ன செய்யும் என்பதற்கே இவற்றை நினைவூட்டுகிறோம். எரிந்தோர் சிலரென்றால், ஓட வழியின்றி நசுங்கியோர் வேறு சிலர்.

புகைபிடிப்பவர் வீசிய துண்டினாலேயே வந்த பேரழிவும் உண்டு. 1985 மே 11 அன்று இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டு நகரக் கால்பந்து மைதானத்தில் ஆட்டம் நடந்துகொண்டிருந்தது. மரத்தாலான பார்வையாளர் மாடத்தின் பலகை இடுக்கு வழியே, எரிந்த தீக்குச்சியோ சிகரெட் துண்டோ கீழே குவிந்திருந்த பழங்குப்பையில் விழுந்தது. சில நிமிடங்களில் மாடம் முழுவதும் எரிந்தது. 56 பேர் மாண்டனர். அந்த மைதானத்திற்கும் மேலே வானம்தான் இருந்தது. எவரும் தீங்கு எண்ணிச் செய்யவில்லை. தீங்கு எண்ணாமையே போதுமென்றிருந்தால் அந்த ஐம்பத்தாறு பேரும் மாலையில் வீடு திரும்பியிருப்பர்.

எதிர்வாதங்களுக்கு வருவோம். அவற்றை நாம் எளிதாகத் தள்ளிவிட விரும்பவில்லை.

‘இது தனிமனித உரிமை’ என்பர். தம் வீட்டுத் திண்ணையில், தம் வரப்பில் அமர்ந்து புகைப்பவரிடம் நாம் அறிவுரை சொல்லலாமேயன்றி ஆணையிட முடியாது. ஆனால் கூட்டத்தில் இரண்டு உரிமைகள் எதிரெதிரே நிற்கின்றன. புகைப்பவர் சற்று நேரம் பொறுக்கலாம், ஒதுங்கிப் போகலாம். அருகில் நிற்பவர் மூச்சு விடுவதைப் பொறுத்துக்கொள்ள முடியாது. குழந்தையால் தன் விருப்பப்படி ஒதுங்கவும் இயலாது. விலகிச் செல்ல வலியவர் விலகுவதா, வழியற்றவர் விலகுவதா? நீதி எப்பக்கம் என்பது வெள்ளிடைமலை.

‘வாணவேடிக்கையும் சாம்பிராணியும் டீசல் இயந்திரமும் புகை கக்கவில்லையா?’ என்பர். கக்குகின்றன; அவற்றையும் குறைக்கத்தான் வேண்டும். நம் கோவில் திருவிழாக்களும் இதற்கு விலக்கல்ல. ஆயினும் வாணம் விடுவோர் அனுமதி பெற்று, தனியிடம் பார்த்து, மக்களைத் தள்ளி நிறுத்திய பின்னரே திரி கிள்ளுகின்றனர். பீடிக்கும் அந்த இடைவெளியைத்தான் நாம் கேட்கிறோம்.

‘திறந்த வெளியில் கட்டுப்பாடு எதற்கு?’ என்பர். ஒலிபெருக்கியின் ஓசையும் திறந்த வெளியில்தான் கலக்கிறது. ஆயினும் 2000ஆம் ஆண்டின் ஒலிமாசு விதிகள், அரசு தளர்வு தரும் சில நாள்கள் நீங்கலாக, இரவு பத்து மணிக்கு மேல் அதை அணைக்கச் சொல்கின்றன. உறங்கும் காதுக்குக் காட்டிய இரக்கத்தை மூச்சு விடும் நெஞ்சுக்கும் காட்டினால் என்ன?

‘ஏழையின் ஒரே ஆறுதலையும் பறிக்கலாமா?’ என்னும் வாதமே நம்மை நெடுநேரம் சிந்திக்க வைத்தது. நாற்று முடியைச் சுமந்து, சேற்றில் நின்று உழைத்தவர் வரப்பில் அமர்ந்து ஒரு பீடி பற்றவைப்பதை மாளிகையிலிருந்து இகழ்வது எளிது. இத்தடை ஏழையின் முதுகில் விழும் தடியாக மாறுமாயின் நாமே அதனை எதிர்ப்போம். கடைக்கோடியில் நிற்கும் கூலித்தொழிலாளியிடம் 200 ரூபாய் தண்டம் வாங்கிவிட்டு, மேடைக்குப் பின்னால் புகையும் பிரமுகரைக் காணாதது போல் நடப்பது சட்டமாகாது. அது அநீதிக்குப் போட்ட சட்டை. ஆனால் அதே ஏழையின் குழந்தைதான் அவர் தோளில் அமர்ந்து தேர் பார்க்கிறது. அவருடைய தாய்தான் இரைப்போடு அருகில் நிற்கிறார். காசுள்ளவர் மாடியில் நாற்காலி போட்டுப் பார்க்கிறார். கூட்டத்தின் நடுவில் நசுங்குபவர் ஏழைதான். ஆகவே இத்தடையால் முதலில் காக்கப்படுவதும் ஏழையின் நெஞ்சுதான். அவரைப் பீடியை விட்டுவிடச் சொல்லவில்லை. நாற்பது தப்படி நடக்கச் சொல்கிறோம்.

‘நடக்காத காரியம்’ என்போரும் உளர். ஒரு காலத்தில் நம் ஊர்ப் பேருந்துகளில் ‘புகைபிடிக்காதீர்’ என்ற எழுத்துக்குக் கீழேயே அமர்ந்து புகைத்தோம். திரையரங்கில் வெள்ளித்திரைக்குச் செல்லும் ஒளிக்கற்றையில் புகை சுருள் சுருளாய் மிதந்ததை நம்மில் பலர் மறந்திருக்க மாட்டோம். இன்று ஓடும் பேருந்தில் ஒருவர் தீக்குச்சி உரசினால் நடத்துநருக்கு முன்னால் பயணிகள் திரும்பிப் பார்க்கின்றனர். அந்தப் பார்வையை எந்தக் காவல் நிலையமும் அனுப்பவில்லை. பழக்கம் மாறிற்று, அவ்வளவே. 2002இல் தோக்கியோ நகரின் சியோதா வட்டாரம், குறித்த தெருக்களில் நடந்தபடி புகைப்பதற்குத் தண்டம் விதித்தது. அந்நாட்டு மக்களுக்கு இயன்றது நமக்கு இயலாதா?

செய்ய வேண்டியவை பெரியனவல்ல. பொதுக்கூட்டத்திற்கும் ஊர்வலத்திற்கும் காவல்துறை அனுமதி தரும்போது நேரம், வழி, ஒலிபெருக்கி என்று நிபந்தனைகள் எழுதுகிறது. அவற்றோடு இந்த ஒரு வரியையும் சேர்க்கட்டும். தேர்வீதி, சந்தை, கந்தூரி, மாநாட்டுத் திடல் என்று பெயர் சொல்லியே தடையை அறிவிக்கட்டும். கூட்டத்திற்கு அப்பால், பந்தலுக்கும் வைக்கோலுக்கும் எட்டாத ஓரிடத்தை ஒதுக்கி, மணல் நிரப்பிய வாளி வைக்கட்டும். தொண்டர்கள் அதட்டாமல், ‘அண்ணே, அந்தப் பக்கம் போய்ப் பிடிங்க’ என்று கைகூப்பிச் சொல்லட்டும். மேடையில் இருப்போர் முதலில் கடைப்பிடிக்கட்டும்.

பிறருக்குச் சொல்லுமுன் நம் முற்றத்தைப் பெருக்க வேண்டும். ஆகஸ்டு 29இல் வேளாங்கண்ணியில் கொடியேறுமுன், காவியுடுத்த திருப்பயணிகள் கூட்டங்கூட்டமாய்த் திருவாரூர் வழியே நடந்து செல்வதைக் காண்கிறோம். அவர்கள் இளைப்பாறும் பந்தல்களில் பீடிப் புகை இல்லையென்று நெஞ்சில் கைவைத்துச் சொல்ல முடியுமா? மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ், நலத்தைக் கெடுக்கும் பொருளால் வரும் வருவாய் வேண்டாமென்று, 2018 முதல் வத்திக்கானில் சிகரெட் விற்பனையை நிறுத்தச் செய்தார். விற்பனை வருவாயையே அவர் துறந்தார். நம்மிடம் கேட்கப்படுவது நாற்பது தப்படி நடை மட்டுமே.

தேர் நிலைக்கு வரும் வரை வடத்தை விடக்கூடாதென்பது நம் ஊர் மரபு. பல்லாயிரம் பேர் ஒரே வடத்தை இழுப்பதென்றால், ஒருவர் மூச்சை இன்னொருவர் நம்பி நிற்கிறார் என்று பொருள். அடுத்த பங்குனியில் அந்த மூதாட்டி மீண்டும் தேர்வீதிக்கு வருவார். பேரன் வளர்ந்திருப்பான், அவருடைய இரைப்பும் வளர்ந்திருக்கும். அவர் வாய் திறந்து கேட்குமுன்னரே முன்னிற்பவர் பீடியைச் சட்டைப்பைக்குள் வைப்பாரானால், அந்த வீதியில் ஓடும் தேர் இன்னும் சற்று அழகாக இருக்கும்.