தகப்பன் பெயர் எங்கே?



குடும்பம் பிரிந்தால் பிள்ளை கெட்டுப் போகும் என்று மேடையில் பேசாதவர் நம்மில் யார்? கோயில் கூட்டம், பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டம், எங்கே போனாலும் இந்தப் பேச்சு உண்டு. பேசிவிட்டு, மீகூன் சாப்பிட்டுவிட்டுக் கலைந்து விடுகிறோம். பிள்ளை எந்த இடத்தில் அடிபடுகிறது என்பதை மட்டும் யாரும் சொல்வதில்லை.

எங்கள் மெர்லிமாவ் வட்டாரத்தில் பால்மரம் போய்ச் செம்பனை வந்து வெகுகாலமாகிறது. லயத்தில் இருந்த குடும்பங்கள் பல டவுன் பக்கம் வந்துவிட்டன. ஆண்கள் ஜொகூருக்கும் சிங்கப்பூருக்கும் வேலைக்குப் போகிறார்கள். பெண்கள் தொழிற்சாலை பஸ் ஏறுகிறார்கள். லயத்தில் புருஷன் பெண்சாதி சண்டை என்றால் அடுத்த வீட்டு அக்கா வந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்ச் சோறு போடுவார். அந்தக் காலம் பொற்காலம் என்று சொல்ல வரவில்லை. கள்ளுக்கடையிலிருந்து வந்து விழுந்த அடிகளை அதே அக்கம்பக்கம் பார்த்துக்கொண்டும் இருந்தது. ஆனால் இன்று கதவைச் சாத்திக்கொண்டு சண்டை போடுகிறோம். பிள்ளையும் உள்ளேயே இருக்கிறது.

அப்படிப்பட்ட பிள்ளையைக் கண்டுபிடிக்கப் பெரிய மனோதத்துவம் தேவையில்லை. திங்கட்கிழமை காலையில் தெரிந்துவிடும். சனி ஞாயிறு அப்பா வீட்டில் இருந்திருக்கும். கணக்குப் புத்தகம் அம்மா வீட்டில் கிடக்கும். பத்து மணிக்கெல்லாம் மேசையில் தலை சாய்த்துத் தூங்கும். எட்டு வயதுப் பையன் ஒருவன், தகப்பனிடம் காசு கேட்கத் தாய் சொல்லி அனுப்பியதையும், அதற்குத் தகப்பன் கொடுத்த பதிலையும், வாய்ப்பாடு ஒப்பிப்பதுபோல என்னிடம் ஒப்பித்தான். பெரியவர்கள் முகம் பார்த்துப் பேச மறுக்கிற வார்த்தையை எல்லாம் அவன் சுமக்கிறான். வாய்ப்பாடு எப்படி மண்டையில் ஏறும்?

பிரிந்த வீட்டுப் பிள்ளைகள்தான் குண்டர் கும்பலில் சேர்கிறார்கள் என்று சொல்வதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். தனியாக நின்று பிள்ளையைக் கரையேற்றிய தாய்மார்கள் நம் தோட்டங்களில் எத்தனை பேர்! பிரிவதைவிட மோசமானது, பாதி பிரிந்து பாதி பிரியாமல் இழுபறியில் கிடப்பது. நம்மவர் வீடுகளில் இந்த இழுபறி ஏன் அதிகம் தெரியுமா? சேர்ந்ததற்கே கடிதம் இல்லை. பிரிவதற்கு எங்கிருந்து வரும்?

1976-ஆம் ஆண்டின் திருமண, மணவிலக்குச் சட்டம், 1982 மார்ச் 1 முதல் முஸ்லிம் அல்லாதவர்களுக்கு நடப்புக்கு வந்தது. அதற்கு முன் ஊரறியத் தாலி கட்டினாலே போதும். இரண்டாம் தாரம் கட்டுவதற்கும் தடையில்லை. சட்டம் வந்து நாற்பது வருஷங்கள் தாண்டிவிட்டன. இன்னும் கோயிலில் தாலி கட்டி, மண்டபத்தில் விருந்து வைத்து, "பதிவை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்" என்கிற வீடுகள் இருக்கின்றன. அந்த அப்புறம் வருவதற்குள் பிள்ளை பிறந்துவிடுகிறது. சில வீடுகளில் தகப்பனும் போய்விடுகிறார்.

மணச் சான்றிதழ் இல்லாவிட்டால், தாயும் தகப்பனும் சேர்ந்து வந்து கேட்டால்தான் பிறப்புப் பத்திரத்தில் தகப்பன் பெயர் ஏறும். போனவர் வருவாரா? பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ‘தகவல் பெறப்படவில்லை’ என்று மலாயில் எழுதிக் கொடுப்பார்கள். கல்யாணப் போட்டோவைப் பதிவு இலாகாவில் காட்டிப் பயனில்லை. இது வெறும் மானப் பிரச்சினை அல்ல. பதிவில்லாத திருமணத்தில் பிறந்த பிள்ளைக்குக் குடியுரிமை தாய் வழியாகத்தான். தாய் வெளிநாட்டவர் என்றால், தகப்பன் இந்த மண்ணில் பிறந்த பிரஜையாக இருந்தும் பிள்ளை பிரஜை ஆவதில்லை. 2003 முதல் ஆரம்பக் கல்வி கட்டாயம் என்றாலும் அது பிரஜைகளின் பிள்ளைகளுக்குத்தான். 2011-இல் அரசாங்கம் ‘மைடாப்தார்’ என்று இந்தியர்களுக்காகப் பதிவு இயக்கம் நடத்தியபோது ஆயிரக்கணக்கானோர் வரிசையில் நின்றார்கள். அவர்களில் தலை நரைத்தவர்களும் உண்டு.

பதிவு செய்தவர்கள் பிரிய நேர்ந்தால் வழி இருக்கிறது. ஒருவர் மட்டும் மணவிலக்குக் கேட்டால், பெரும்பாலும் முதலில் சமரசக் குழுவுக்குப் போக வேண்டும். அதற்கு ஆறு மாதத் தவணை. ஏழு வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளை தாயிடம் இருப்பதே நல்லது என்று சட்டம் எடுத்துக்கொள்கிறது. அதோடு, அடிக்கடி கை மாறுவது பிள்ளையின் வாழ்வைக் குலைக்கும் என்பதையும் நீதிபதி கவனிக்க வேண்டும் என்கிறது. சட்டம் எழுதியவர்களும் ஒரு திங்கட்கிழமை வகுப்பில் உட்கார்ந்திருப்பார்கள் போலும்! பிள்ளையின் ஜீவனாம்சம் முன்பு பொதுவாக 18 வயதோடு நின்றது. 2018 டிசம்பர் 15 முதல் மேற்படிப்பு முடியும்வரை நீட்டிக்கப்பட்டிருக்கிறது.

பதிவு செய்யாத தாய்மார்களும் சோர்ந்து உட்கார வேண்டாம். 1950-ஆம் ஆண்டிலேயே வந்த ஜீவனாம்சச் சட்டம் ஒன்று உண்டு. முறைப்படி மணம் பதியாமல் பிறந்த பிள்ளைக்கும் தகப்பன் படியளக்க வேண்டும் என்று நீதிமன்றம் உத்தரவிடலாம். அவர்தான் தகப்பன் என்று காட்ட வேண்டியிருக்கும். ஆகவே போட்டோ, கடிதம், காசு அனுப்பிய ரசீது எதையும் கோபத்தில் கிழித்துப் போடாதீர்கள்.

இனிக் கல்யாணம் வைத்திருக்கும் வீடுகளுக்கு ஒரு வார்த்தை. பதிவுக்கு மனுக் கொடுத்தபின் 21 நாட்கள் காத்திருக்க வேண்டும். ஆவணியில் முகூர்த்தம் என்றால் ஆடி முதல் வாரமே மாப்பிள்ளையும் பெண்ணும் அடையாளக் கார்டோடு பதிவு இலாகாவுக்குப் போய்வரட்டும். ஆடியில் தாலிதான் கட்டக்கூடாது. பாரம் பூர்த்தி செய்ய எந்தப் பஞ்சாங்கமும் தடை சொல்லவில்லை.