மேப்பிள் கன்றும் குறுமர வளர்ப்பும்

விதைநெல்லின் அருமையைக் குடியானவர்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை. பஞ்ச காலத்திலும் விதைக்கோட்டையை அவிழ்க்க மனம் ஒப்பாதவனே நல்ல உழவன் என்று மதிக்கப்பட்டு வந்தான். இந்நீதி நெல்லுக்கு மட்டும் உரியதன்று. மரத்துக்கும் மலைக்கும் உரியதே. ஜப்பான் தேசத்தில் போன்ஸாய் என வழங்கும் குறுமரத் தொழிலின் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும். அத்தொழிலில் இருவகை வழிகள் உண்டு. மலையில் காற்றாலும் பனியாலும் குறுகி முதிர்ந்து நிற்கும் மரத்தைத் தோண்டி வந்து தொட்டியில் அமர்த்துவது ஒன்று. தாய்மரத்தின் அடியில் தானே முளைத்த சிறு கன்றை எடுத்து வந்து பல ஆண்டுகள் பழக்கி வளர்ப்பது மற்றொன்று. முன்னது விதைநெல்லை உண்பதற்கு ஒப்பாகும்; பின்னதே உழவுக்கு உரிய வழியாகும். மேப்பிள் கன்றிலிருந்து வளர்க்கப்படும் மிகச் சிறிய குறுமரம் இதனை நன்கு விளக்கும்.

தொழிலின் தன்மை

தொட்டியில் மரம் வளர்க்கும் கலை சீன தேசத்தினின்று ஜப்பானுக்குச் சென்றதாகும். போன்ஸாய் என்னும் சொல்லுக்குத் தட்டத்தில் நட்ட செடி என்பதே பொருள். அது தனி ஜாதி மரமன்று. காட்டில் ஓங்கி வளரக்கூடிய மரத்தையே வேரையும் கிளையையும் முறையாக வெட்டி, சிறிய உருவில் பெரிய மரத்தின் தோற்றத்தைப் பெறச் செய்கின்றனர். ஏறக்குறைய 8 அங்குலத்துக்கு உட்பட்டவை ஷோஹின் எனவும், உள்ளங்கையில் அடங்கும் மிகச் சிறியவை மாமே எனவும் பெயர் பெறும். மாமே என்பதற்குப் பயறு என்று பொருள்.

இதனை வேலையற்றவர்களின் விளையாட்டு என்று கருதுவது சரியன்று. 1923-ஆம் ஆண்டு டோக்கியோ நகரைப் பாழாக்கிய பூகம்பத்துக்குப் பின், அந்நகரத்துக் குறுமரத் தோட்டக்காரர்கள் சிலர் நல்ல நிலத்தையும் தூய நீரையும் நாடி ஓமியா என்னும் இடத்துக்குப் பெயர்ந்து, 1925-இல் தங்களுக்கென ஒரு கிராமத்தையே அமைத்துக்கொண்டனர். அங்குக் குடியேறுவோர் பத்துக் குறுமரங்களுக்குக் குறையாமல் வைத்திருக்க வேண்டும். காண வருவோருக்கு வாயிலைத் திறந்து வைக்க வேண்டும். மாடி வீடு கட்டலாகாது. சுவருக்குப் பதிலாக உயிர்வேலி அமைக்க வேண்டும் என்று தமக்குள் கட்டுப்பாடும் செய்துகொண்டனர். 2010-இல் ஓமியாவில் குறுமரங்களுக்கெனத் தனிக் காட்சிச்சாலையும் திறக்கப்பட்டது.

மலைமர வேட்டையின் விளைவு

ஷிம்பாக்கு என்னும் ஜூனிப்பர் வகைக்கு ஜப்பானியக் குறுமரங்களுள் மிகுந்த மதிப்பு உண்டு. முதலில் ஷிக்கோக்கு தீவின் இஷிசுச்சி மலையிலும், பின்னர் நீகாட்டா மாகாணத்து இத்தோய்காவாப் பகுதியின் செங்குத்தான பாறைகளிலும் இம்மரங்களைத் தேடி எடுத்தனர். கயிற்றில் தொங்கிப் பாறையிடுக்கில் வேர்விட்டிருந்த மரங்களைப் பெயர்த்தனர்; தவறி விழுந்து உயிர் துறந்தவர்களும் உண்டு. பல நூறு ஆண்டுகள் காற்றோடு போராடி உருப்பெற்ற மரங்கள் சில தலைமுறைக்குள் அருகிப்போயின. இன்று அவ்வகையை விருத்தி செய்வோர் பெரும்பாலும் போத்துகளை வெட்டி நட்டே பயிராக்குகின்றனர். மலை வெறுமையான பின்னர் வந்த இந்தப் புத்தி முன்னரே வந்திருந்தால் மரமும் மிஞ்சியிருக்கும், மனித உயிரும் மிஞ்சியிருக்கும்.

இதற்கு மாறாகத் தக்கமாட்சு நகரைச் சார்ந்த கினாஷி, கொகுபுன்ஜி என்னும் ஊர்களின் செய்தி உற்சாகம் தருவதாகும். ஏறக்குறைய இருநூறு ஆண்டுகளுக்கு முன் அவ்வூரார் கடற்கரையில் தானே வளர்ந்த பைன் மரங்களை எடுத்துத் தொட்டியில் வைத்து விற்கத் தொடங்கினர். பின்னர் வயலில் வரிசையாக நட்டு வளர்க்கும் வழக்கத்துக்கு மாறினர். இன்று ஜப்பானில் விளையும் பைன் குறுமரங்களில் 100-க்கு 80 பங்கு அவ்வட்டாரத்து நிலங்களிலேயே விளைகிறது. தோண்டுவதோடு நின்றிருந்தால் தொழிலும் மரத்தோடு முடிந்திருக்கும். பயிராக்கியதனால் பேரன் காலத்திலும் நிலைத்து நிற்கிறது.

தானே முளைத்த கன்று

மொமிஜி எனப்படும் ஜப்பானிய மேப்பிள் மரம் இலையுதிர் காலத்தில் செந்நிறமடைந்து காண்போர் மனத்தைக் கவர்வது. அதன் விதைகள் இரண்டிரண்டாக இணைந்து சிறகு பெற்றவை. காற்றில் சுழன்று பரவி விழும். குளிர்காலம் முழுவதும் ஈர மண்ணில் குளிர்ச்சியுற்றுக் கிடந்து, இளவேனிலில் முளைக்கும். முதலில் நீண்ட வித்திலைகள் இரண்டும், அவற்றின்மேல் விரல்போலப் பிளந்த உண்மையான இலைகளும் தோன்றும். ஒரு மரத்தின் அடியில் நூற்றுக்கணக்கான கன்றுகள் முளைப்பதுண்டு. ஆனால் தாய்மரத்தின் நிழலாலும், கால்மிதியாலும், களையெடுப்பவன் கையாலும் அவற்றுள் அனேகமாக யாவும் அழிந்துபோகும். அழியப்போகும் கன்றில் ஒன்றை எடுப்பதனால் காட்டுக்கும் தோட்டத்துக்கும் நஷ்டம் சிறிதும் இல்லை.

எனினும் கேளாமல் எடுப்பது எங்கும் முறையாகாது. தோட்டத்துக்கு உடையவனும் கோயிலுக்கு அதன் பொறுப்பாளரும் அனுமதி தரவேண்டும். ஜப்பானின் தேசியப் பூங்காக்களில் விசேஷப் பாதுகாப்புக்கு உட்பட்ட பகுதிகளில் உதிர்ந்த இலையைப் பொறுக்குவதற்கும் அனுமதி வேண்டும் என்னும் அளவுக்குச் சட்டம் கடுமையாக உள்ளது.

தேர்ந்தெடுப்பதிலும் கவனம் தேவை. மாங்கொட்டையிலிருந்து வரும் கன்று தாய்மரத்தின் குணத்தைத் தவறாமல் பெறும் என்று சொல்ல இயலாதது போலவே, மேப்பிள் கன்றுகளும் ஒன்றுக்கொன்று வேறுபடும். பெயர்பெற்ற உயர்ஜாதி மேப்பிளின் விதையும் அதே ஜாதியைத் தாராது. ஆகையால் பல கன்றுகளைப் பார்த்து, இலை சிறுத்தும் கணுவுக்குக் கணு இடைவெளி குறுகியும் உள்ளதையே கொள்ள வேண்டும். சிறு உருவத்துக்கு இவ்விரண்டும் இன்றியமையாத குணங்களாகும்.

வளர்க்கும் முறை

கன்று உறக்கம் நீங்கி மொட்டு விரிவதற்குச் சற்று முன்னர் அதனைப் பெயர்ப்பது நலம். ஆணிவேரைக் கத்தரித்து, பக்கவேர்களை நாற்புறமும் கதிர்போல் பரப்பி நடவேண்டும். முதிர்ந்த மரத்தின் அடிவேர் நிலத்தைப் பற்றி நிற்கும் தோற்றம் இவ்வேலையினாலேயே கிடைக்கிறது. முதிர்ந்த மலைமரத்தில் வேரமைப்பு கோணலாக இருந்தால் அதனைத் திருத்துவது பெரும்பாடு. இளங்கன்றிலோ முதலிலேயே செப்பம் செய்யலாம்.

நீர் தேங்காத மண்ணே ஏற்றது. ஜப்பானியர் அகதாமா என்னும் எரிமலைச் செம்மண் உருண்டைகளைப் பயன்படுத்துகின்றனர். எருவாக எண்ணெய் வித்துப் பிண்ணாக்கைச் சிறு உருண்டைகளாக மண்மீது வைக்கின்றனர். இளந்தண்டு வளையும் பருவத்திலேயே கம்பி சுற்றி வளைவு கொடுக்கலாம். மேப்பிளின் பட்டை மெல்லியதாதலால், கம்பி பதிந்து தழும்பு உண்டாகுமுன் அதை நீக்கிவிட வேண்டும்.

அடிமரம் பருக்க வேண்டுமாயின், அடியில் ஒரு கிளையைச் சில காலம் வெட்டாமல் ஓடவிட்டு, வேண்டிய பருமன் வந்தபின் அதை அறுத்துவிடுவர். உச்சியையும் அவ்வப்போது தாழ வெட்டி, பக்கக் கிளையொன்றைப் புதிய உச்சியாக்குவர். இவ்வாறு செய்வதால் அடி பருத்தும் நுனி மெலிந்தும் மரம் முதுமைக் கோலம் கொள்ளும். மேப்பிளின் இலைகள் எதிரெதிராகத் தோன்றுவதால், தளிரை முதல் ஜோடி இலையோடு நிறுத்திக் கிள்ளினால் அங்கிருந்து இரண்டு கிளைகள் பிரியும். ஆண்டுதோறும் இப்படி இரட்டித்து நுண்கிளைகள் அடரும்.

மிகச் சிறிய சட்டியில் மண் கொஞ்சமே இருக்கும். கோடையில் நாளொன்றுக்கு இருமுறை, மும்முறை நீர் வார்க்க நேரும். ஈரமணல் பரப்பிய தட்டில் சட்டியை வைப்பது காவலாகும். ஒருநாள் மறதி பத்தாண்டுப் பிரயாசையை அழித்துவிடும். நெல் வயலுக்கு முறைநீர் காத்த குடும்பத்தினருக்கு இதன் பொருள் எளிதில் விளங்கும்.

ஆட்சேபங்களும் சமாதானங்களும்

மரத்தைக் குறுக்குவது கொடுமை என்பது ஓர் ஆட்சேபம். வெட்டாமல் விட்டால் மரமாக ஓங்கும் தேயிலையை இடுப்பளவில் நிறுத்திப் பல்லாண்டு கொழுந்து பறிப்பதை ஒருவரும் கொடுமை என்பதில்லை. பட்டினி போட்டு மரத்தைச் சிறிதாக்குவதாக எண்ணுவதும் தவறு. எருவும் நீரும் வெயிலும் குறைவறக் கிடைத்தாலன்றிக் குறுமரம் வெட்டைத் தாங்காது.

காலதாமதம் மற்றோர் ஆட்சேபம். கன்று ஓரளவு காண்பதற்குரிய வடிவம் பெற ஐந்து முதல் பத்து ஆண்டுகள் ஆகும்; மலைமரமோ உடனே முதுமையோடு கைக்கு வருகிறது என்பர். இது உண்மையே. ஆனால் அம்முதுமை எடுத்தவன் உண்டாக்கியதன்று, மலை உண்டாக்கியது. எடுத்தவன் அதற்கு ஈடாக மலைக்குத் திருப்பித் தருவது யாதும் இல்லை. மேலும், பெயர்த்த முதுமரங்கள் பிழைப்பது நிச்சயமன்று. பிழையாமற்போனால் மலைக்கும் மனிதனுக்கும் நஷ்டமே. தென்னை வைத்தவன் தனக்கென்றே வைப்பதில்லை. ஜப்பானில் 1625 முதல் தொட்டியில் பேணப்பட்ட ஒரு வெண்பைன், 1945-இல் ஹிரோஷிமா நகர் அழிந்தபோதும் தப்பி, 1976-இல் அமெரிக்காவுக்கு நன்கொடையாக அளிக்கப்பட்டது. அதனைப் பேணியவர்களுள் எத்தனையோ பேர் தமக்குப் பின் வருவோருக்காகவே நீர் வார்த்தனர்.

சாலைக்காகவோ கட்டிடத்துக்காகவோ வெட்டுண்ண விதிக்கப்பட்ட மரத்தை அனுமதி பெற்றுப் பெயர்த்துக் காப்பது தக்கதே. அதில் மரம் மிஞ்சுகிறது. விலக்கத்தக்கது, நிலைத்து நிற்கும் மரத்தை ஆசைக்காகத் தோண்டுவதாகும்.

தமிழ்நாட்டுக்கு ஏற்றது

குளிர்கால உறக்கம் இன்றி மேப்பிள் செழிப்பதில்லை; ஆதலால் தமிழ்நாட்டுச் சமவெளியில் அதற்காகப் பணம் செலவிடுவது வீண். ஆனால் கன்று எடுக்கும் முறை இங்கும் பொருந்தும். கோபுரத்திலும், மதகுச் சுவரிலும், கிணற்றுக் கட்டிலும் பறவையின் எச்சத்தால் ஆலும் அரசும் முளைக்கின்றன. வேர் பருத்தால் கட்டிடம் பிளக்கும் என்பதால் அவற்றைப் பிடுங்கி எறிவது வழக்கம். அவ்வாறு எறியப்படும் கன்று தொட்டிக்கு நன்றாய் இணங்கும். வெப்பத்தையும் வெட்டையும் தாங்கும். கிராம உத்தியோகஸ்தர்கள் கட்டிடங்களைச் செப்பனிடும் காலத்தில் இக்கன்றுகளை வேர் கெடாமல் எடுத்து, விரும்புவோருக்கும் பள்ளிச் சிறுவருக்கும் கொடுக்கச் செய்யலாம். காட்டிலும் புறம்போக்கிலும் நிற்கும் முதுமரத்தைத் தொட்டிக்கென்று தோண்ட வருபவரை மட்டும் தடுத்து நிறுத்துவது அவர்கள் கடமையாகும்.

பிறர் விதைத்ததையோ இயற்கை விளைத்ததையோ வாரிக்கொள்வது விளைச்சலாகாது. முளையிலிருந்து காத்து வளர்த்ததே ஒருவன் விளைச்சல். உள்ளங்கையளவுச் சட்டியில் நிற்கும் மேப்பிளுக்கும் இவ்விதியே, நூறு ஏக்கர் வயலுக்கும் இவ்விதியே.