பரங்கிமலையில் தொடங்கிய அளவு, இமயத்தில் முடிந்தது!

பூந்தமல்லியிலிருந்து பரங்கிமலைக்கு பஸ்ஸில் போகிறவர்கள் பலர். உலகிலேயே உயர்ந்த சிகரத்தின் கதை அந்தப் பரங்கிமலையில்தான் தொடங்குகிறது என்பது எத்தனை பேருக்குத் தெரியும்?

1802-ம் ஆண்டு. சித்திரை வெயில். லாம்டன் என்ற வெள்ளைக்கார அதிகாரி, பரங்கிமலை அருகே 100 அடி நீளமுள்ள இரும்புச் சங்கிலியால் நிலத்தை அளந்தார். வெயில் பட்டால் சங்கிலி நீளும்; கணக்கு தப்பும். ஆகவே அதன்மேல் கூடாரம் போட்டு அளந்தார்கள். சுமார் ஏழரை மைல் அளக்க 57 நாள் ஆயிற்று!

அந்த ஒரு கோட்டிலிருந்து முக்கோணம் முக்கோணமாக அளந்துகொண்டே வடக்கே போனார்கள். லாம்டன் 1823-ல் காலமானார். அவருக்குப் பின் எவரெஸ்ட் என்பவர் வேலையைத் தொடர்ந்தார்.

பெயர் இல்லாத சிகரமா?

நேபாளத்துக்குள் நுழைய அனுமதி இல்லை. நூறு மைலுக்கு அப்பால், சமவெளியில் நின்றே பனிச் சிகரங்களை அளந்தார்கள். ஒரு சிகரத்துக்கு "15" என்று எண் கொடுத்தார்கள். அதன் உயரத்தைக் கணக்கிட்டதில் பெரும் பங்கு வங்காளத்து ராதாநாத் சிக்தாருக்கு உண்டு. 1856-ல் உயரம் அறிவிக்கப்பட்டது: 29,002 அடி!

உள்ளூர்ப் பெயர் தெரியவில்லை என்று சொல்லி, எவரெஸ்டின் பெயரை அதற்குச் சூட்டினார்கள். எவரெஸ்டே இதை விரும்பவில்லை. இந்நாட்டு மக்கள் வாயில் அந்தப் பெயர் நுழையாது என்றார். ஆனாலும் 1865-ல் அதுவே நிலைத்தது.

உண்மையில் அந்தச் சிகரத்துக்குப் பெயர் இல்லாமல் இல்லை. திபெத்து மக்கள் "சோமோலுங்மா" என்று அழைத்து வந்தனர். நேபாளத்தில் இன்று "சகர்மாதா" என்கிறார்கள். 2020-ல் நேபாளமும் சீனாவும் சேர்ந்து அறிவித்த உயரம் 8,848.86 மீட்டர். அன்றைய கணக்குக்கும் இதற்கும் வித்தியாசம் சுமார் 30 அடிதான்!

நமக்கு ஒரு பாடம்

அளவில் அவ்வளவு கவனம்! பெயரிலோ அந்தக் கவனம் இல்லை. அங்கே வாழ்கிறவர்களைக் கேட்டிருந்தால் பெயர் கிடைத்திருக்கும்.

அம்பத்தூர், ஆவடி பக்கம் புதிய மனைகள் பெருகிவிட்டன. தெருக்களுக்கு எண் போடுகிறார்கள். ஏரி, குளம், தோப்பு, மேடு ஒவ்வொன்றுக்கும் பழைய பெயர் உண்டு. பெரியவர்களைக் கேட்டு எழுதி வையுங்கள். குளத்தின் பெயர் மறந்தால், அங்கே குளம் இருந்ததும் மறந்துபோகும். மழைக்காலத்தில் தண்ணீர் அதை நினைவூட்டும்!